தொப்புள் ஈரம்

திங்கள்

அக்கா, காலை 7:12
பிள்ளைக்கு இன்றைக்கு 26 நாள். கொடி விழுந்து 15 நாளாகியும் தொப்புள் காயவே இல்லை. கிளினிக்கில் கொடுத்த பவுடர் போட்டும் அப்படியேதான். அழுதால் தண்ணீராகக் கசிந்து சட்டையே நனைந்துவிடுகிறது.

ஆச்சி, 7:20
வசம்பைச் சுட்டுக் கரியை வை தாயி. உன் அம்மாவுக்கும் அதைத்தான் வைத்தேன்.

சித்தி, 7:31
அம்மா, இந்தத் தடவை வேண்டாம். கரி வைத்தால் கசிவது எங்கே என்றே தெரியாது, கிருமியும் சேரும்.
பாப்பா, அந்தத் தண்ணீர் என்ன நிறம்? மலம் கலந்த மாதிரி இருக்கிறதா?

அக்கா, 7:33
இல்லை சித்தி, தெளிவாக இருக்கிறது. லேசாக மூத்திர வாடை. முக்கும்போது அதிகம் வருகிறது.

சித்தி, 7:40
அப்படியென்றால் இன்றைக்கே குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டு. கருவில் மூத்திரப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவே யூராக்கஸ் என்று ஒரு குழாய் உண்டு. அது மூடி நாராகிவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூடாது. தொப்புளில் சதை வளர்ந்திருக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து வைத்துவிட்டு, காய்ச்சலும் சீழுமாக எங்கள் வார்டுக்குத் தூக்கிவருவார்கள். எனக்கு மனசே ஆறாது.

அத்தான், 7:44
ஆபரேஷன் வருமா சின்ன அத்தை?

சித்தி, 7:47
முதலில் ஸ்கேன்தான் மாப்பிள்ளை. கசியும் நீரில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவு, எவ்வளவு என்று பார்ப்பார்கள். மிக அதிகமாக இருந்தால் அது சிறுநீர்தான். பையன் என்பதால், கீழே சிறுநீர் போகும் வழியில் அடைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

வியாழன்

அத்தான், மாலை 4:05
ஸ்கேனில் மூத்திரப்பை உச்சியிலிருந்து தொப்புள் வரை மெல்லிய குழாய் தெரிகிறது. சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள், அடைப்பு இல்லை. கிருமியும் இல்லை. 6 மாதத்துக்குள் தானாக மூட வாய்ப்பு உண்டு, பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

அக்கா, 4:06
மூடாவிட்டால் சித்தி?

சித்தி, 4:15
குழாயை முழுதாக எடுப்பார்கள், மூத்திரப்பையில் அது ஒட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்து. மிச்சம் விட்டால் திரும்பச் சீழ் கோக்கலாம். பெரியவனான பிறகு அதில் புற்றுநோய் வருவதும் அரிதாக உண்டு. ஆபரேஷனுக்கு அப்புறம் சில நாள் மூத்திரம் வடிய கத்தீட்டர் குழாய் இருக்கும், அவ்வளவுதான்.
இப்போது நீ தொப்புளை மட்டும் பார். சிவந்தாலோ, வீங்கினாலோ, நாறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ ராத்திரி என்று பார்க்காதே, கிளம்பிவிடு.

ஆச்சி, 4:32
தாத்தாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டிருக்கிறேன். தொப்புளை ஒற்றி எடுக்க மெத்தென்று இருக்கும். சாயங்காலம் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன் தாயி.