450 குதிரைத்திறன் போட் இன்ஜினில் மேனிஃபோல்டு விரிசல்: பழைய வார்ப்பையே போடுவதா, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறுவதா?

மஜ்காவ் மெக்கானிக்:
வணக்கம். மும்பையில் ஒரு பயணிகள் வேகப்படகில் இன்ஜின் பொறுப்பு எனக்கு. இரட்டை இன்ஜின். ஒவ்வொன்றும் 6 சிலிண்டர், டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருவது), 450 குதிரைத்திறன். சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயுவைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகிற மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, சுற்றி ஜாக்கெட், அதில் கூலன்ட் ஓடும். கடல் தண்ணீர் இதில் வராது. கூலன்டைக் குளிர்விக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக நேரே மிக்ஸிங் எல்போவுக்குப் (டர்போவுக்குப் பின்னால் வாயுவும் கடல் தண்ணீரும் கலக்கிற வளைவுக்குப்) போய்விடும்.

மூன்று வாரமாக இடது இன்ஜினில் கூலன்ட் குறையுது. மாண்ட்வா போய்த் திரும்பினால் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கு. நேற்று டார்ச் அடித்துத் தேடினேன். டர்போ உட்காரும் ஃபிளாஞ்சுக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு கோடு. கூலன்ட் வழிந்து காய்ந்து பச்சைப் பொடியாக ஒட்டியிருக்கு. விரலை வைத்தால் ஈரம்.

மூன்று வழி சொல்றாங்க. கம்பெனி உருப்படி வர 14 வாரம். தாருகானாவில் ஒரு கடையில் இதே மாடல் பழசு ஒன்று மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குது. ரே ரோடில் ஒரு ஃபேப்ரிகேட்டர், ஜாக்கெட்டே இல்லாமல் ஸ்டெயின்லெஸ் பைப்பில் செய்து தர்றேன், எடை பாதி, டர்போ சீக்கிரம் எழும்பும் என்கிறார். ஓனருக்கு இதில்தான் ஆசை. மழைக்கு மாண்ட்வா ஓட்டம் நிற்கிறவரை இதே மேனிஃபோல்டோடு ஓட்டச் சொல்றார். ஜனங்கள் ஏறுகிற படகு. எனக்குத் தூக்கமே வரலை. அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்க.

பாவ்சா தக்கா:
முதலில் அந்த இன்ஜினை நிறுத்துங்க தம்பி. வெளியே தெரிகிற விரிசல் உள்ளேயும் இருந்தால், இன்ஜின் நின்றதும் கூலன்ட் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாய்க்குள் (போர்ட்) இறங்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கிற சிலிண்டரில் தண்ணீர் சேர்ந்துடும். காலையில் ஸ்டார்ட் அடித்தால் கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் போடாதீங்க.

பழைய சீஃப்:
ஃபேப்ரிகேட்டர் சொல்வதில் பாதி உண்மை. ஜாக்கெட் இல்லாவிட்டால் வாயு சூடு குறையாமல் டர்பைனுக்குப் போகும், டர்போ சீக்கிரம் எழும்பும். கூலன்டுக்குப் போகிற சூடும் குறையும். அதை நான் மறுக்கலை. ஆனால் உங்க இன்ஜின் ரூம் ஒரு மூடின பெட்டி. லோடில் டர்போவுக்கு முன்னால் வாயு 600 டிகிரி செல்சியஸைத் தொடும், ஜாக்கெட் இல்லாத பைப்பின் மேல்தோல் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு டீசல் பைப் கசிந்து அதன்மேல் பீய்ச்சினால் நெருப்பைத் தடுக்க ஒன்றுமே இல்லை. பெரிய கப்பல்களில் 220 டிகிரிக்கு மேல் சூடாகிற பரப்பை, எண்ணெய் படக்கூடிய இடமாக இருந்தால், மூடியே ஆகணும் என்பது சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. உங்க படகு சோலாஸில் வராமல் இருக்கலாம், டீசல் பற்றுகிற சூடு படகுக்குப் படகு மாறாது. லேகிங் (சூடு தடுக்கிற உறை) சுற்றினால் போதும் என்பாங்க. எண்ணெய் ஊறின லேகிங் தானே எரியும், நானே பார்த்திருக்கேன்.

அடுத்தது விரிவு. ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 500 டிகிரி ஏறினால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது பிடிச்சிருக்கிற சிலிண்டர் ஹெட் 80, 90 டிகிரியிலேயே நிற்கும், ஒரு மில்லிகூட நீளாது. அதனால்தான் ஜாக்கெட் இல்லாத வார்ப்பு மேனிஃபோல்டை மூன்று துண்டாக, நடுவில் நழுவுகிற ஜாயின்ட் வைத்துச் செய்வாங்க. விரிவுக்கு இடம் கொடுக்கிற பெல்லோஸோ (மடிப்புக் குழாய்) நழுவுகிற ஸ்லிப் ஜாயின்டோ எங்கே வைப்பார் என்று அவரைக் கேளுங்க. பதில் வரலைன்னா வேலையைக் கொடுக்காதீங்க, முதல் மாதமே வெல்டு பிளக்கும்.

இன்னொன்று கேளுங்க, வேகப்படகுக்கு இதுதான் முக்கியம். உங்க டர்போ இரட்டை வாய் உள்ளதா, அதாவது வாயு நுழைய இரண்டு தனி வழி இருக்கா? ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரிகிற வரிசை) 1-5-3-6-2-4 என்றால் 1, 2, 3 ஒரு வழியாகவும் 4, 5, 6 இன்னொரு வழியாகவும் வரணும். ஒவ்வொரு வழியிலும் 240 டிகிரிக்கு ஒரு துடிப்பு, ஒன்றை ஒன்று இடிக்காது. ஆறையும் ஒரே குழாயில் சேர்த்தால் அந்தத் துடிப்பின் பலன் போயிடும். டர்போ சீக்கிரம் எழும்பும் என்று சொல்லிச் செய்தது மந்தமாக முடியும்.

மஜ்காவ் மெக்கானிக்:
இரட்டை வாய்தான் அண்ணே. அவர் காட்டின படத்தில் ஆறும் ஒரே பைப். இன்றைக்கே ஓனரிடம் பேசறேன்.

மாட்டுங்கா:
எது போடுவது என்பதற்கு முன்னால், ஏன் பிளந்தது என்று பார்க்கணும். டர்போ ஃபிளாஞ்சுக்குக் கீழே விரிசல் என்றால் எனக்கு இரண்டு சந்தேகம். டர்போவைத் தாங்குகிற பிராக்கெட் இருக்கா? அது இல்லாமல் எல்போவும் ஹோஸும் டர்போவில் தொங்கினால் மொத்தப் பாரமும் அந்த இடத்தில்தான் இழுக்கும். இரண்டாவது, எல்போவைக் கழற்றி உள்ளே கை விட்டுப் பாருங்க. நம்ம துறைமுகத்தில் வற்றம் நேரத்தில் ஸ்ட்ரெய்னர் சேற்றில் அடைக்கும், கடல் தண்ணீர் குறையும், எல்போ சூடாகி உள்ளே உப்பு கட்டும். வாயு வெளியேற முடியாமல் பேக் பிரஷர் (பின்னழுத்தம்) ஏறினால் வாயு சூடும் ஏறும்.

மஜ்காவ் மெக்கானிக்:
கழற்றிட்டேன். பிராக்கெட்டே இல்லை! போன வருஷ ஓவர்ஹாலில் கழற்றினவங்க திரும்பப் போடலை. போல்ட் ஓட்டை இரண்டும் துருவேறிக் காலியாக இருக்கு. எல்போவுக்குள் கரியும் உப்பும் சேர்ந்து கல் மாதிரி, பாதி வாய் அடைப்பு. வலது இன்ஜினிலும் டர்போவுக்குப் பின்னால் தண்ணீர் ட்யூப் மாட்டி, முழு லோடில் பேக் பிரஷர் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளுது என்று பார்த்தோம். 130 சென்டிமீட்டர்.

பழைய சீஃப்:
பல டர்போ டீசல்களுக்கு 10 கிலோபாஸ்கல்தான் வரம்பு, அதாவது தண்ணீர் மட்டத்தில் ஒரு மீட்டர். உங்க கையேட்டையும் பார்த்துக்குங்க. வலது பக்கமும் எல்போ மாற்ற வேண்டியதுதான். தாருகானா உருப்படியை வாங்குவதாக இருந்தால் கடையிலேயே சோதியுங்க. ஜாக்கெட் வாய்களை அடைத்து, இரண்டு பார் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குங்க. ஜாக்கெட்டுக்குள் ஸ்க்ரூடிரைவர் விட்டுச் சுரண்டுங்க. துரு செதில் செதிலாக வந்தால் அது கடல் தண்ணீரில் ஓடினது, சுவர் மெலிஞ்சிருக்கும். ஹெட்டில் உட்காரும் முகத்தில் நேர்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க.

மஜ்காவ் மெக்கானிக்:
போய்ப் பார்த்தேன். செதில் வரலை, முகமும் நேராக இருந்தது. நம்பிக்கையோடு தொட்டியில் முக்கினோம். ஐந்தாவது போர்ட்டின் உட்புறத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி. வாங்கலை. ஓனரை வரச்சொல்லி அடைபட்ட எல்போவைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கம்பெனி உருப்படிக்கே ஆர்டர் போடச் சொன்னார். இரண்டு எல்போ, பிராக்கெட், புது ஸ்டட் எல்லாம் சேர்த்து. மழைக்காலத்துக்குள் வந்துடும், அதுவரை படகு கட்டியேதான் கிடக்கும். மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

மாட்டுங்கா:
ஹெட் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, எல்லா நட்டையும் முதலில் கையாலே பிடியுங்க. நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன டார்க்கை (முறுக்கு அளவை) இரண்டு மூன்று தடவையாக ஏற்றுங்க. பிராக்கெட்டைக் கடைசியில் மாட்டுங்க, போல்ட் தானாக ஓட்டையில் இறங்கணும். நெம்பித்தான் இறங்குது என்றால் ஷிம் (இடைவெளி நிரப்புகிற மெல்லிய தகடு) வையுங்க, இழுத்து முறுக்காதீங்க.