கோப்பிக்கு டிரிப் ஏற்றுவதை நிறுத்தலாமா? கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூனிலிருந்து:

எங்கள் வீட்டுப் பூனை கோப்பிக்கு வயது 17. கன்னங்கரேலென்று இருப்பான், அதனால் அந்தப் பெயர். 2008-ல் புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையின் பின்பக்கம், எண்ணெய் டின்களுக்கு நடுவில் கத்திக்கொண்டு கிடந்தவனை என் மாமியார்தான் முந்தானையில் சுற்றி மேலே தூக்கி வந்தார். (அவருக்குப் பூனை என்றாலே ஆகாது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, இன்றுவரை சொன்னதில்லை.) சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்க 1989-லிருந்தே தடை, ஆகவே 16 வருஷம் அவன் எங்கள் வீட்டில் கள்ளக்குடி. யாராவது கதவைத் தட்டினால் அவனைத் தூக்கி அறையில் போட்டு, வானொலியைச் சத்தமாக வைப்போம். 2024 செப்டம்பர் 1-ல் தடை போனதும் மகள் உட்கார்ந்து செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய இணையப் பாடத்தை முடித்து, மைக்ரோசிப் போட்டு, உரிமமும் எடுத்துவிட்டாள். சட்டப்படி குடியேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை, கிழவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் கண்ணில் பட்டது அவன் மூத்திரம் போகும் மண்தட்டு. ஒரு நாளைக்கு மூன்று கட்டி அள்ளிய இடத்தில் ஏழு, எட்டு. தண்ணீர் அவ்வளவு குடித்தான், குளியலறைத் தரையில் தேங்கியதைக்கூட விடவில்லை. வெயிலுக்குத்தான் என்று நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். சிறுநீரகத்தில் முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக் காட்டுமாம். அவனுக்கு 4.4 இருந்தது, அது சிறுநீரக நோயில் மூன்றாம் நிலை. 5-ஐத் தாண்டினால் நான்காவது, அதற்கு மேல் நிலை கிடையாது.

டிரிப்பை வீட்டிலேயே ஏற்ற டாக்டர் கற்றுக்கொடுத்தார். ரிங்கர் லாக்டேட் (உப்புச்சத்துக் கரைசல்) பையைச் சுடுதண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் போட்டு வெதுவெதுப்பாக்கி, கம்பி ஹேங்கரில் கோத்து அலமாரிக் கதவில் மாட்டி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். 100 மில்லி, ஒன்றுவிட்டு ஒரு நாள். முதல் தடவை ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து என் சட்டைதான் நனைந்தது. ஏற்றி முடித்ததும் முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அரை மணியில் அது சரிந்து ஒரு முன்னங்காலுக்கு இறங்கிவிடும், ஒரு பக்கம் மட்டும் பயில்வான் மாதிரி நடப்பான். நான்கு மாதம் அது அற்புதமாக வேலை செய்தது. நெத்திலி டின்னை அசைத்தால் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வருவான். (சிறுநீரகப் பூனைக்கு நெத்திலி கூடாது, உப்பு. தெரியும். ஒன்றே ஒன்றுதான்.)

இப்போது மூன்று வாரமாக நிலைமை வேறு. கிரியாட்டினின் 6.8. எடை 4.6 கிலோ இருந்தவன் 2.9. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான், குடிப்பதில்லை. டின் சத்தத்துக்கு வருவதில்லை. ஹேங்கர் அலமாரிக் கதவில் உரசும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து, பின்னங்காலை இழுத்து இழுத்து, கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். மகள் அதைப் பார்த்து, "இன்னும் தெம்பு இருக்கு பாரும்மா" என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மூன்று நாள் சேர்த்து நரம்பில் டிரிப் ஏற்றலாம், கழுத்தில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம், ரத்தசோகைக்கு ஊசி போடலாம் என்கிறார்கள் கிளினிக்கில். எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளிக்கு மேல். அப்படிச் செய்தால் எத்தனை நாள் இருப்பான் என்று கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பணம் ஒரு விஷயமே இல்லை என்று பெருமை பேச மாட்டேன், மகன் தேசிய சேவையில், வீட்டில் வருவது ஒரே சம்பளம். ஆனால் பணம் மட்டும்தான் என்றால் எப்படியாவது புரட்டிவிடுவேன்.

சிக்கலே வேறு. என் மாமியாருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். போன வாரம் அடுக்களையில் என் கணவர், "கிட்னி போச்சுன்னா போச்சு, இந்த வயசுல இழுத்துப் பிடிச்சு என்ன ஆகப்போகுது" என்றார், பூனையைப் பற்றித்தான். ஹாலில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் நான் பையைச் சூடாக்குகிறேன், அவன் கட்டிலுக்கடியில் போகிறான், மகள் இழுத்து வருகிறாள். வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

பொங்கோலிலிருந்து:

அக்கா, முடிவெடுப்பதற்கு முன்னால் ஒன்று. குமட்டலுக்கு மருந்து கொடுத்தார்களா? கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்காருவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது, இதெல்லாம் பல நேரம் வயிற்றைப் புரட்டுவதால்தான். என் பெண் பூனைக்கு அப்படித்தான் இருந்தது, சாகப் போகிறாள் என்றே நினைத்து அலுவலகத்தில் விடுப்புக்கூடச் சொல்லிவிட்டேன். குமட்டலை அடக்கும் மாரோபிடன்ட் ஊசியும், பசியைத் தூண்ட காது மடலின் உட்புறம் தடவும் மிர்ட்டாசபைன் களிம்பும் (கையுறை போட்டுத் தடவுங்கள், நம் தோலிலும் ஏறும்) கொடுத்த மறுநாள் எழுந்து சாப்பிட்டாள்.

ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எட்டு மாதம் யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை இவள் சுவரில் போய் முட்டுகிறாள், இரண்டு கருமணியும் விரிந்து கிடக்கிறது. அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றுவிட்டதாம். என் அப்பா சாப்பிடும் அதே அம்லோடிபைன்தான், 5 மில்லிகிராம் மாத்திரையில் எட்டில் ஒரு துண்டு. பார்வை திரும்பவில்லை, ஆனால் வீட்டை மனப்பாடமாக வைத்திருந்தாள். கழுத்துக் குழாயும் வைத்தோம். பார்க்கக் கொடூரமாக இருக்கும், அவள் அதைச் சட்டையே செய்யவில்லை. மாத்திரைக்காக வாயைப் பிளக்கும் தினசரிச் சண்டை நின்றதில் எங்கள் இருவருக்கும் மறுபடி ராசியாகிவிட்டது. அப்புறம் 14 மாதம் இருந்தாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவளுக்கு அப்போது 12 வயதுதான், மூன்றாம் நிலைதான், என்னைக் கண்டு ஒரு நாளும் ஓடி ஒளிந்ததில்லை. உங்கள் ஹேங்கர் சத்தத்தைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

பிடோக்கிலிருந்து:

எங்கள் அம்மா "உயிரைக் கொடுத்தது நாமா, எடுக்கிறதுக்கு?" என்று ஒரே பிடி. நானும் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்றுதான் இப்போது சொல்வேன், ஏனென்றால் முடிவெடுக்க எனக்கும் பயம். தூக்கத்தில் அமைதியாகப் போய்விடும் என்று நம்பினோம். ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு வலிப்பு வந்தது, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. செல்லப்பிராணி ஏற்றும் வண்டி அந்த நேரத்தில் எதுவும் கிடைக்கவில்லை, கடைசியில் ஒரு டாக்சி அங்கிள் பின்சீட்டில் துண்டை விரித்து ஏற்றிக்கொண்டார். இரவு நேரக் கிளினிக் வாசலுக்குப் போவதற்குள் மடியிலேயே முடிந்துவிட்டது. அதன் வாயிலிருந்து வந்த அந்த அம்மோனியா நெடி எனக்கு இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. அம்மாவும் அந்த வண்டியில்தான் இருந்தார். இரண்டு வருஷம் கழித்து அடுத்த பூனைக்கு அதே நிலை வந்தபோது, டாக்டருக்கு ஃபோன் போடு என்று முதலில் சொன்னது அவர்தான்.

தெம்பனிஸிலிருந்து:

வாழ்க்கைத்தர அட்டவணை ஒன்று இருக்கிறது, ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-ல் போட்டது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். நான் போட்டால் 41, என் மனைவி போட்டால் 27. அதே பூனை, அதே சாயங்காலம்! இருவரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் முறை ஒன்றும் உண்டு, மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019-ல் வெளியிட்டது: காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை, ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, பத்துக்கு 4 வந்தாலே வலி மருந்து தேவை. அது திடீர் வலிக்காகச் செய்தது என்று டாக்டர் சொன்னார், ஆனால் அதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே எண் போட்டோம். கடைசியில் எல்லாத் தாளையும் ஓரம் வைத்துவிட்டு, தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டியில் நல்ல நாளுக்குப் புள்ளி, கெட்ட நாளுக்குக் கோடு என்று போட ஆரம்பித்தோம். தொடர்ந்து ஒன்பது கோடு வந்தது. பத்தாவதைப் போடவில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து:

எனக்கு யாரும் முன்னால் சொல்லாததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். முதலில் மயக்க ஊசி, சில நிமிடத்தில் தலை சாயும். அப்புறம்தான் உயிரை நிறுத்தும் மருந்து, பென்டோபார்பிட்டல். முடிந்த பிறகும் கண் மூடாது, நாம் மூடினாலும் நிற்காது. சில நேரம் ஒரு பெருமூச்சு வரும், உயிர் திரும்பிவிட்டதோ என்று நான் கத்தியே விட்டேன். மூத்திரம் போகும், பழைய துண்டு விரித்து வையுங்கள். வீட்டுக்கே வரும் டாக்டர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். புளோக்குக்குக் கீழே புதைக்க முடியாது; செல்லப்பிராணித் தகனக் கூடத்துக்கு ஃபோன் செய்தால் வந்து எடுத்துப் போவார்கள். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஈசூனிலிருந்து, 12 நாள் கழித்து:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பொங்கோல் தங்கை சொன்னபடி குமட்டல் மருந்தும் காதுக் களிம்பும் கேட்டு வாங்கினேன். இரண்டு நாள் சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலை சன்னல் வலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெளியே மைனாவைப் பார்த்துப் பல்லைக் கடகடவென்று ஆட்டினான், மகள் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். அழுத்தமும் சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் கட்டிலுக்கடி.

அன்று வெள்ளி. மாமியார் டயாலிசிஸ் முடிந்து கையில் பிளாஸ்திரியோடு வந்து உட்கார்ந்தார். நான் பையை வாளியில் போட்டேன். "இன்னைக்கு வேண்டாம்மா" என்றார். சரி, நாளைக்கு ஏற்றவா என்று கேட்டேன். "நாளைக்கும் வேண்டாம்." கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் அவராகவே பேசினார். "அங்க ஊசி குத்தும்போது நான் பேத்தி கல்யாணத்த நெனச்சுக்குவேன். இது எதுக்குக் குத்துறோம்னு அதுக்கு யாரு சொன்னா?" அடுக்களைப் பேச்சு காதில் விழுந்ததா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. "ஒம் புருஷன் பூனையத்தான் சொன்னான்னு எனக்குத் தெரியாதா" என்றார் அவரே. நாங்கள் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவர் எங்களுக்காக மூடிக்கொண்டிருந்திருக்கிறார், நடுவில் அந்தப் பிராணிக்கு ஆறு தடவை ஊசி.

செவ்வாய்க்கிழமை வைத்தோம், அன்று அவருக்கு டயாலிசிஸ் இல்லை. மகனுக்கு முகாமிலிருந்து வர முடியவில்லை, முந்தின நாள் இரவு காணொளியில் கூப்பிட்டான், கோப்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவன் எப்போதும் திரையை மதித்ததில்லை. டாக்டர் வீட்டுக்கு வந்தார். காலையில் ஒரு நெத்திலியைத் தண்ணீரில் கழுவி உதட்டில் வைத்தேன், நக்கினான், அவ்வளவுதான். மாமியார் மடியில்தான் போனான். கண் மூடாது என்று உட்லண்ட்ஸ் அண்ணன் எழுதியதை அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன், நல்லவேளை.

மகள் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. குழாய் வைத்துப் பார்த்திருக்கலாம் என்கிறாள். வைத்திருக்கலாமோ என்று ராத்திரியில் எனக்கும் தோன்றுகிறது, பொய் சொல்வானேன். உரிமத்தை ரத்து செய்ய வேண்டும், அவள்தான் எடுத்தாள், அவளே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரிக்காத ரிங்கர் லாக்டேட் பை நாலு மிச்சம் இருக்கிறது, ஊசியும் அரைப் பெட்டி இருக்கிறது, தேதி தாண்டவில்லை. தேவைப்படுகிறவர்கள் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஈசூனுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய், வியாழன், சனி மாமியார் வீட்டில் இருப்பார். சாப்பிடச் சொல்வார், சாப்பிட்டுவிட்டே போங்கள்.