ரூபி எழுத்து: குரோமில் ஒரு இடைவெளி, பயர்பாக்ஸில் ஒரு இடைவெளி, சரிசெய்வது எப்படி?

கேள்வி: ஜப்பானியப் பாடப் பக்கம். காஞ்சிக்கு (சீன வழி எழுத்து) மேலே ஃபுரிகானா (உச்சரிப்பைக் காட்டும் சிறு எழுத்து, HTML-இல் ரூபி டேக்) இருக்கும் வரிகள் மட்டும் விலகி நிற்கின்றன. பக்கத்து எழுத்தோடான இடைவெளியும் உலாவிக்கு உலாவி மாறுகிறது. எழுத்தளவு 16 பிக்சல், லைன்-ஹைட் (வரி உயரம்) அதைப்போல 1.5 மடங்கு.

பதில் 1: 1.5 போதாது. வரி உயரம் 24 பிக்சல், எழுத்துக்கு மேலே மிஞ்சுவது 4 பிக்சல்தான். ஆர்டி (rt, ரூபிக்குள் மேலே வரும் சிறு எழுத்தின் டேக்) எழுத்தே பாதி அளவு, 8 பிக்சல். இடமில்லாததால் உலாவி அந்த வரியை மட்டும் உயர்த்துகிறது. பத்திக்கு லைன்-ஹைட் 2, ஆர்டிக்கு 1 கொடுங்கள். எழுத்துருவையும் வெப்ஃபான்டாக (பக்கத்தோடு இறங்கும் எழுத்துரு) ஒன்றே வையுங்கள். ஹிராகினோ, நோட்டோ என்ற ஜப்பானிய எழுத்துருக்கள் இரண்டின் மேல்-கீழ் அளவுகள் வேறு, ரூபி ஏறி இறங்கும்.

பதில் 2: பக்கவாட்டுச் சிக்கல் தனி. உதாரணமாக 'கொகொரோசாஷி' என்ற சொல்: மேலே ஐந்து கானா (ஒலியெழுத்து), அடியில் ஒரே காஞ்சி. பாதி அளவில் கானா 2.5 எம் அகலம் (1 எம் என்பது அந்த இடத்தின் எழுத்தளவு), காஞ்சி 1 எம். காஞ்சிக்கு இருபுறமும் 0.75 எம் வெற்றிடம். குரோம் பக்கத்து எழுத்தின் மேல் கொஞ்சம் சாயவிடும், பயர்பாக்ஸ் விடாது. ஒரே மாதிரி வேண்டுமென்றால் ரூபியை இன்லைன்-பிளாக் (வரிக்குள் தனிப் பெட்டியாக நிற்கும்) ஸ்பேன் டேகுக்குள் போடலாம். ஆனால் முற்றுப்புள்ளி அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும், அதையும் அதே ஸ்பேனுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ரூபி டேகுக்கே இன்லைன்-பிளாக் கொடுத்துவிடாதீர்கள், அமைப்பே குலைந்துவிடும்.

பதில் 3: பத்தியில் லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்திடைவெளி) 0.1 எம் இருக்கிறதா? அது 1.6 பிக்சலாகவே ஆர்டிக்கு இறங்கும். அங்கே அது 0.2 எம். ஆர்டியில் 0 ஆக்குங்கள். சிறு எழுத்தைப் பரப்பி வைக்கும் ரூபி-அலைன் என்ற CSS பண்பு குரோமில் பதிப்பு 128 முதல், சஃபாரியில் 18.2 முதல்தான். பழைய ஐபோன்களுக்கு அதை நம்ப வேண்டாம்.