ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் எலும்பு ஊசி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மேலூர் மகள்

அம்மாவுக்கு 67 வயதில் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) என்று தெரிந்து டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினார்கள். எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசி அது. நேரே நடந்ததைச் சொல்கிறேன். 2018 டிசம்பர், 2019 ஜூன், 2019 டிசம்பர் என மூன்று ஊசிகளைத் தவறாமல் போட்டோம். நான்காவது ஊசியை 2020 ஜூன் கடைசி வாரத்தில் போட்டிருக்க வேண்டும். அந்த மாதம் 24ஆம் தேதியிலிருந்து மதுரையில் முழு ஊரடங்கு. மேலூரிலிருந்து நகருக்குள் போக வழியில்லை. தளர்வு வந்த பிறகாவது போயிருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு ஒரு வலியும் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன், இந்த நேரத்துல ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று அவர் சொன்னதும் நானும் விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை, படுத்திருந்த பாயைச் சுருட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நிலைக்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே நின்றார். அவர் கத்தவில்லை என்பதால் எனக்கு உடனே விளங்கவில்லை. அருகில் போனபோது, "பாப்பா, யாரோ என்னை நடுவுல மடிக்கிற மாதிரி இருக்கு" என்று மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். முதுகெலும்பில் அடுத்தடுத்து இருக்கும் டி11, டி12, எல்1 ஆகிய மூன்று எலும்புகளும் ஒரே நேரத்தில் நொறுங்கியிருந்தன. விழவில்லை, சறுக்கவில்லை, எடை எதையும் தூக்கவில்லை. ஒரு கோரைப்பாயைச் சுருட்டினார், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் பழைய சீட்டுகளைக் கேட்டார்கள். பீரோவைத் திறந்து தேடியபோது மூன்றாவது ஊசி வந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. அதன் பின்புறம் செவிலியர் நீல மையில் "அடுத்தது 24.6.2020, தள்ளிப்போடக் கூடாது" என்று எழுதியிருந்தார். "கூடாது" என்பதன் கீழே இரண்டு கோடுகள் இருந்தன. ஏன் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அந்த ஊசியை எப்பாடுபட்டாவது போட்டிருப்பேன்.

உசிலம்பட்டி மருந்துக்கடை

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் வருந்தினேன். என்னை உறுத்துவது வேறொரு காட்சி. எங்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர், தம் தாயாருக்காக மதுரையில் ஊசியை வாங்கி, பேருந்தில் கொண்டுவந்து, போட்டுவிடச் சொல்லி என்னிடம் நீட்டினார். கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில், ஐஸ் கட்டிகளை நேரடியாக ஊசிப்பெட்டியின் மேலேயே கொட்டி எடுத்து வந்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த நீர் போல இருக்க வேண்டிய மருந்து பாதி உறைந்து, நுங்கின் நிறத்தில் இருந்தது. "இதைப் போடக் கூடாது" என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

இந்த ஊசி மருந்து ஓர் எதிர்ப்பான் (ஆன்டிபாடி), அதாவது ஒரு புரதம். உறைந்தால் அதன் அமைப்பு குலைந்துவிடும், குலுக்கினாலும் கெடும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டால் 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 14 நாள் வரை தாங்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? ஆகவே தெர்மாகோல் பெட்டியில் குளிர்ப்பையை வைத்து, அதன் மேல் செய்தித்தாளை நான்கு மடிப்பாகப் போட்டு, அதற்கும் மேல் ஊசியை வையுங்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். தேதி மறக்கிறது என்பவர்களுக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் ஒன்று, தீபாவளி வாரம் ஒன்று என்று நான் சொல்லிவைப்பது வழக்கம்.

சோழவந்தான் கொடிக்கால்

என் தாயார் வெற்றிலைக் கொடிக்காலில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது இதே ஊசியைப் பரிந்துரைத்தார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். மேலூர் சகோதரியின் கதையைப் படித்த பிறகு மறுத்தது சரிதான் என்று தோன்றுகிறது. நிறுத்தினால் முதுகை நொறுக்கும் மருந்தை எதற்குத் தொடங்க வேண்டும்? கேழ்வரகுக் கூழும் பிரண்டைத் துவையலும் சாப்பிட்டு நம் பாட்டிமார் நிமிர்ந்துதான் நடந்தார்கள்.

திருநகர் ஆய்வாளர்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல என் ஆய்வுக் காலத்து அனுபவம் ஒன்று உதவும். எலும்பு உயிருள்ளது. ஒரு பக்கம் பழைய எலும்பு இடிக்கப்படுகிறது, மறுபக்கம் புதிது கட்டப்படுகிறது. இடிக்கும் ஆள் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடிப்பு, கட்டுமானத்தை மிஞ்சிவிடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அது தேவைதான். ஆனால் செங்கலை எவ்வளவு இறக்கினாலும் இடிப்பவரை நிறுத்தாமல் சுவர் நிற்காது. அந்தச் செல் உருவாக ராங்க் லிகண்ட் என்ற புரதத்தின் தூண்டுதல் வேண்டும். டெனோசுமாப் அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எதிர்ப்பான். 7,868 பெண்களிடம் மூன்றாண்டுகள் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 7.2 சதவீதத்தினருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு ஏற்பட்டது. இந்த ஊசி போட்டவர்களில் அது 2.3 சதவீதம்தான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனி என் அனுபவம். சுண்டெலியின் செல்களில் ராங்க் லிகண்டைச் சேர்த்து ஐந்தாறு நாள் வளர்த்தால், அவை ஒன்றோடொன்று கலந்து ஆஸ்டியோகிளாஸ்ட்டாக மாறும். சாயம் ஏற்றிப் பார்த்தால் பீட்ரூட் சாற்றின் நிறத்தில், ஒரே செல்லுக்குள் பத்துப் பதினைந்து உட்கருக்களோடு, நுண்ணோக்கியின் வட்டத்தையே அடைத்துக்கொண்டு கிடக்கும். எதிர்ப்பானைச் சேர்த்த கிண்ணத்தில் அவை வரக் கூடாது. எனக்கு வந்தன. மூன்று வாரம், மூன்று முறை, ஒரே முடிவு. கடைசியில் குப்பியின் மேல் இருந்த சிறிய எழுத்தைப் படித்தேன். நான் சேர்த்துக்கொண்டிருந்தது சுண்டெலியின் ராங்க் லிகண்ட். டெனோசுமாப் மனித ராங்க் லிகண்டைப் பிடிக்குமே தவிர, சுண்டெலியுடையதைப் பிடிக்காது. மனிதப் புரதத்தை வரவழைத்து மறுபடி செய்தபோது, கிண்ணம் முழுவதும் சிறிய உருண்டைச் செல்கள் மட்டுமே இருந்தன.

அப்போது ஓர் ஆர்வத்தில் எதிர்ப்பானைக் கழுவி நீக்கிவிட்டு, ராங்க் லிகண்டை மட்டும் தொடர்ந்து கொடுத்தேன். ஆறாம் நாள் காலையில் பார்த்தால் அதே பீட்ரூட் நிறம் திரும்பியிருந்தது. அன்று அதை ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும் ஒரு நல்ல சோதனை என்று நோட்டில் எழுதி வைத்தேன். மேலூர் சகோதரியின் பதிவைப் படித்த இரவு அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது, தூக்கம் வரவில்லை. கிண்ணமும் உடலும் ஒன்றல்ல என்றாலும் அடிப்படை அதுவே. அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம் போன்ற வேறு எலும்புப்புரை மருந்துகள் எலும்பிலேயே ஒட்டிக்கொண்டு, நிறுத்திய பிறகும் நெடுநாள் வேலை செய்யும். எதிர்ப்பான் எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதத்தில் அது தீர்ந்ததும், அடக்கி வைத்திருந்த இடிப்பு முன்னைவிட வேகமாகத் தொடங்கும். கடைசி ஊசியிலிருந்து ஏழாவது மாதத்திலேயே முறிவு வந்ததுண்டு என்று அமெரிக்க மருந்துக் குறிப்பில் 2017இல் சேர்த்தார்கள். ஆகவே, ஐயா, இது தொடங்கக் கூடாத மருந்து அல்ல. நிறுத்தும் நாளில் அடுத்து எந்த மருந்து என்பதை முடிவு செய்துகொண்டு தொடங்க வேண்டிய மருந்து. உங்கள் தாயாருக்கு ஒருமுறை முறிந்துவிட்டது என்பதால், இந்த ஊசி இல்லாவிட்டாலும் வேறு சிகிச்சையாவது கட்டாயம் வேண்டும்.

கே.கே.நகர் ஆசிரியர்

திருநகர் தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான். தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லையே. என் மனைவி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். 2022இல் இந்த ஊசியைப் போட்டார்கள். மூன்றாவது வாரம், காப்பித் தம்ளரை வாங்க நீட்டிய கை நீட்டியபடியே விறைத்தது. விரல்கள் ஒன்றாகக் குவிந்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. தம்ளர் விழுந்தது. நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்து 5.9 என்று சோதனையில் வந்தது. நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

எலும்பிலிருந்து ரத்தத்துக்குக் கால்சியம் வருவதை ஊசி அடைத்துவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களால் அந்தக் குறையை ஈடுகட்ட முடிவதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்காகவே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தின் குறிப்பில் சேர்த்தது. ஆகவே யாராக இருந்தாலும் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பாருங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே ஊசி. டயாலிசிஸ் நோயாளி என்றால், ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் அளவையும் பார்த்து, ஊசிக்குப் பின் வாரந்தோறும் கால்சியத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கிப் புண்ணை ஆறவிடுங்கள். ஊசி போட்டவர்களில் சிலருக்கு, அரிதாக, தாடை எலும்பு அழிந்திருக்கிறது. கால்சியம் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உசிலம்பட்டி ஐயாவின் அழகர், தீபாவளிக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். பண்டிகைத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். தேதியைச் சுவரில் எழுதுங்கள், கைபேசியிலும் குறியுங்கள், ஒரு வாரம் முன்பாகவே ஊசிக்குச் சொல்லிவையுங்கள்.

உசிலம்பட்டி மருந்துக்கடை

ஆசிரியர் ஐயா, தேதி எழுதிய சீட்டு தொலைந்துவிடும், அழகர் தொலைய மாட்டார் என்பதால் சொன்னேன். ஒரு வாரம் முன்பின்னாகப் போட்டவர்கள் யாருக்கும் என் அறிவில் கேடு வந்ததில்லை. இருந்தாலும் உங்கள் பேச்சை ஏற்று, இனிப் பெட்டியின் மேலும் தேதியை எழுதிக் கொடுக்கிறேன்.

மேலூர் மகள்

அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குத் திருநகர் தம்பியிடமிருந்து விடை கிடைத்தது, நன்றி. அம்மாவுக்கு அதே ஊசியை மறுபடி தொடங்கி, இரண்டு ஆண்டுகள் நாள் தவறாமல் போட்டார்கள். பிறகு ஸோலெட்ரோனிக் அமிலத்தை டிரிப்பாக ஏற்றி இந்த ஊசியை நிறுத்தினார்கள். அதன்பின் புதிய முறிவு இல்லை. ஆனால் நொறுங்கிய எலும்பு பழைய உயரத்துக்குத் திரும்பாது. சாமி அறையில் அப்பா அடித்து வைத்த விளக்குப் பலகை அம்மாவுக்கு எட்டவில்லை. ஆசாரியை அழைத்து, அதைக் கழற்றி ஒரு சாண் கீழே இறக்கி அடித்தோம். பழைய ஆணித் துளைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன.