பொருள்: மறுமொழி: ‘ஃபன்ஜிபிலிட்டி’ – மடைமாற்றம் வேண்டாம்

தருமபுரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவின் பொது நிதிச் சொற்பட்டியலில் ‘ஃபன்ஜிபிலிட்டி’க்கு (fungibility: ஒன்றின் இடத்தில் அதே போன்ற இன்னொன்று, ஒரு பணத்தின் இடத்தில் இன்னொரு பணம், நிற்கக்கூடிய தன்மை) எதிரே இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மடைமாற்றம், பெயர்வுத்தன்மை, மாற்றீட்டுத்தன்மை. கணினி மொழிபெயர்ப்பில் ‘பூஞ்சைத்தன்மை’ என்று வந்ததாக ஒரு அன்பர் அனுப்பியிருந்தார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

> வெளிநாட்டு உதவியை அரசு வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதுதானே பொருள்? மடைமாற்றம் என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். நாளிதழில் ‘நிதி மடைமாற்றம்’ என்று வந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்றுதான் படிக்கிறோம். இங்கே யாரும் கை வைப்பதில்லை. இந்தக் கருத்தின் சூட்சுமமே அதுதான்.

உள்ளாட்சித் தணிக்கையில் இருந்தவன் ஊராட்சிக் கணக்கிலிருந்துதானே உதாரணம் எடுப்பேன். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குக் கிராம உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு இன்னதற்குத்தான் என்று கட்டிவிடப்பட்டது. அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர்த்து ஊருக்கு வேண்டியதற்குச் செலவழிக்கலாம் என்று விட்டார்கள். இனி நடப்பதைப் பாருங்கள். போர் மோட்டாரில் காயில் எரிந்துபோகிறது. முன்பு அதைப் பொது நிதியிலிருந்து கட்டுவார்கள். குடிநீர் மானியம் வந்தபின் காயில் கட்டிய பில் அந்தத் தலைப்புக்குப் போய்விடுகிறது. பில் உண்மை, கடைக்காரர் உண்மை, மோட்டாரும் ஓடுகிறது. பொது நிதியில் மிச்சமானது தெருவிளக்காகிறது. தணிக்கைக்காரன் ஆட்சேபணை எழுத ஒரு வரி கிடைக்காது. குடிநீருக்குக் கூடுதலாகப் பணம் போயிருக்கிறது என்று டெல்லியில் கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஊரில் கூடியதோ விளக்கு.

பயிர்க்கடனும் அப்படித்தான். பாலக்கோடு பக்கம் தக்காளி நடுகிறவர் சங்கத்தில் கடன் கிடைக்காவிட்டாலும் நட்டிருப்பார். கடன் வந்ததால் கைக்காசு மகளின் கல்லூரிக் கட்டணமாயிற்று. அந்தக் கடன் தக்காளிக்குப் போனதா, கல்லூரிக்குப் போனதா? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சர்வதேச வேளாண்மை மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு 1989-இல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. தீர்மானப் புத்தகத்தில் ‘கறவை மாடு’ என்று எழுதி வாங்கிய கடனெல்லாம் கொட்டகையில் மாடாகவே நிற்காது என்பது குழு நடத்திய எந்த அம்மாவுக்கும் தெரியும். மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கலந்தபின், என் குடத்தில் விழுந்தது எது என்று குழாயடியில் கேட்டால் யார் சொல்வது?

பெயர்வுத்தன்மை சரிவராது. கைபேசி எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதற்குப் ‘பெயர்வுத்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மாற்றீடு என்றால் காப்பி விலை ஏறினால் டீ குடிப்பது. பாடநூலில் அந்த இடம் நிரம்பிவிட்டது.

என் எண்ணம், இந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு சங்கதி ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் தேடுவதால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

முதலாவது, பொருளின் இயல்பு. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி இரவல் வாங்கினால் வேறு ஒரு படி அரிசி திருப்பித் தரலாம். கம்மல் இரவல் வாங்கினால் அதே கம்மலைத்தான் தரவேண்டும். சட்டக்காரர்கள் பேசுவது இதை. இதற்குப் ‘பதிலியல்பு’ என்று வைக்கலாம். அரிசிக்கும் ரூபாய்க்கும் பதிலியல்பு உண்டு, கம்மலுக்கு இல்லை.

இரண்டாவது, வரவுசெலவில் நடப்பது. வெளிப்பணம் ஒரு துறைக்கு வந்ததும் அரசு அந்தத் துறையிலிருந்து தன் பணத்தை மெல்ல விலக்கிக்கொள்வது. இதற்கு ‘நிதி விலகல்’. இதன் எதிர்ப்பக்கமும் பொருளியலில் உண்டு. எந்தத் துறைக்குக் கொடுத்தார்களோ அதிலேயே பணம் ஒட்டிக்கொண்டு மொத்தச் செலவு கூடுவதை, ஈ பிடிக்கும் பசைத்தாளின் பெயரால் அழைக்கிறார்கள். அதை ‘நிதி ஒட்டல்’ என்றால் ஜோடி பொருந்தும்.

விலகலும் ஒட்டலும் அளக்கக்கூடியவை, அதனால் சண்டைக்கும் உரியவை. 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, வளரும் நாட்டு அரசுகளுக்குச் சுகாதாரத்துக்கென்று வந்த ஒவ்வொரு டாலருக்கும் அவை தம் கையிலிருந்து போடும் சுகாதாரச் செலவு 43 சென்ட் முதல் 1.14 டாலர் வரை குறைந்ததாகக் கணித்தது. தரவைச் சலித்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்கவில்லை என்று 2012-இல் வேறு இருவர் மறுத்தார்கள். இதை ‘மடைமாற்றம்’ என்று மொழிபெயர்த்தால், ஆய்வாளர்கள் கணக்கு முறையைப் பற்றி வாதாடியது போய், ஏழை நாடுகள் திருடினவா இல்லையா என்று வாதாடியதாக ஆகிவிடும்.

அன்புடன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

வணக்கம் ஐயா. இரண்டாகப் பிரித்தது நல்லது. பதினைந்து மதிப்பெண் வினாவில் இந்தக் குழப்பத்தால் தடுமாறும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஆனால் ‘பதிலியல்பு’ இடிக்கிறது. பதில் என்றதும் வணிகவியல் மாணவிகள் விடை என்றே எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு அது அரபு வழியாக வந்த சொல் என்று அகராதி சொல்கிறது; நம் குழுவில் சிலர் அதற்கே கொடி பிடிப்பார்கள். ‘நிகரீடு’ எப்படி?

இன்னொன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை உங்கள் ஜோடியில் எந்தப் பக்கம் வைப்பீர்கள்? ஜப்பான் கடனுதவி, மொத்தத் திட்டச் செலவு 1,928.80 கோடி ரூபாய், 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு. அந்தக் கடன் வராவிட்டால் அரசே கட்டியிருக்கும், கடனால் மிச்சமானது வேறெங்கோ போயிற்று என்று ஒருவர் வாதாடலாமே?

தருமபுரியிலிருந்து:

அம்மா, நிகர இலாபம், நிகர வருவாய் என்று தினமும் எழுதுகிற நீங்களே ‘நிகர்’ என்று தொடங்கலாமா? ஈடு என்றால் வங்கியில் வைக்கும் அடமானம். இரண்டையும் சேர்த்தால் மேலாளர் நில ஆவணத்தைக் கேட்பார்.

அரபு வந்தவழி இருக்கட்டும். ஏரி வேலைக்குத் தான் போக முடியாமல் தம்பியை அனுப்பினால் ‘பதிலாள்’ என்கிறோம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்பது என்ற பொருள் அதில் முழுசாக இருக்கிறது. விடை என்று நினைக்கும் மாணவிக்கு அரிசியையும் கம்மலையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஒகேனக்கல் நல்ல கேள்வி. வெளிப்பணம் வராவிட்டாலும் அந்தச் செலவு நடந்திருக்குமா என்பதுதான் உரைகல். ஃபுளூரைடு, குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகளும் பல் கறைபட்ட பிள்ளைகளும் நம் இரு மாவட்டங்களில் அடிக்கல்லுக்கு எத்தனையோ ஆண்டு முன்பே இருந்தார்கள். அத்தனை காலமும் அவ்வளவு பெரிய தொகை அந்த வேலைக்கு ஒதுங்கவில்லை. ஆகவே கட்டுமானத்தைப் பொறுத்தவரை நான் ஒட்டல் பக்கம்தான் வைப்பேன். ஊராட்சி காயில் எப்படியும் கட்டப்பட்டிருக்கும், அதனால் அது விலகல்.

ஆனால் இது மானியமில்லை, கடன். தவணையைக் கட்டும் ஆண்டுகளில் எந்தத் துறையின் ஒதுக்கீடு மெலிகிறது என்று பார்க்காமல் கணக்கை மூடக்கூடாது. குழாயும் நீரேற்று நிலையமும் பழசாகும்போது பராமரிப்புப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்த்தி. முதலில் ஒட்டி, பத்தாண்டு கழித்து விலகுவதும் உண்டு. பதிவின் விளக்கத்தில் ‘காலப்போக்கில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்வேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

சரி ஐயா, பதிலியல்புக்கு என் ஓட்டு. நிதி விலகலுக்கும்தான். ‘ஒட்டல்’ மட்டும் சுவரொட்டியை நினைவூட்டுகிறது. ‘நிதி தங்கல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

தருமபுரியிலிருந்து:

தங்கல் என்றால் செலவழியாமல் வங்கியில் கிடக்கிற பணம். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் எந்த ஒன்றிய அலுவலகத்திலும் அந்த அர்த்தத்தில்தான் காதில் விழும். ஒட்டலே இருக்கட்டும்.