ஷவர் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறைக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் கலவை

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்து, வாடகை வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த ஷவரை முதன்முறையாகப் புழங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிவந்த சில வாரங்களிலேயே அந்தக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து, கதவு முழுவதும் பால் தெளித்ததுபோல மங்கிவிடும். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழித்துக்கொள்வார்களோ என்ற கவலையில், கண்ணாடிக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று விதவிதமான பாட்டில்களை நானும் வாங்கி அடுக்கியிருக்கிறேன். இப்போது என் குளியலறையில் இருப்பது நானே கலந்து வைத்த ஒரு ஸ்ப்ரே பாட்டில் மட்டுமே.

அந்தக் கறை எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால், தேவையில்லாததை வாங்க மாட்டீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நீர் உலர்ந்தபின் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. இது உப்புப் படிவு. அதே உப்புகள் குளியல் சோப்போடு சேரும்போது நீரில் கரையாத, வழவழப்பான சோப்புப் படலம் உண்டாகிறது. முதலாவதைக் கரைக்க ஒரு மென்மையான அமிலம் வேண்டும். இரண்டாவதை இளக்கிப் பிரிக்க அமிலத்தோடு பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டும். கலவையில் இருப்பது இவ்விரண்டும் தண்ணீரும்தான்.

ஸ்ப்ரே பாட்டிலில் 250 மி.லி. வெள்ளை வினிகரும் 250 மி.லி. தண்ணீரும் ஊற்றி, கடைசியாக ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவம் சேர்த்து, நுரை பொங்காதபடி மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். வினிகரில் அசெட்டிக் அமிலம் 5 விழுக்காடு அளவில் இருக்க வேண்டும். சில நாடுகளில் அதைவிடப் பல மடங்கு செறிவானதையும் விற்பார்கள் என்பதால், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். வாசனை பிடிக்காதவர்கள் வினிகருக்குப் பதிலாக 500 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 25 கிராம் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துக்கொள்ளலாம். எது கலந்தாலும், பாட்டிலின்மேல் உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டிவிடுங்கள். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

தெளித்த கையோடு துடைத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அமிலம் வேலை செய்ய 10 முதல் 15 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், ஆனால் செங்குத்தான கண்ணாடியில் அது வழிந்தோடிவிடும். ஆகவே டிஷ்யூ காகிதத்தைக் கலவையில் நனைத்துக் கறையின் மேல் அப்படியே ஒட்டிவிடுங்கள். காகிதத்தை உரிக்கும்போது, அதுவரை நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளை விளிம்பு மாவுபோல இளகி விரலோடு வந்துவிடும். பிறகு மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். பல மாதக் கறையென்றால் இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

ஷவர் தலையில் சில துளைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சினால், ஒரு பிளாஸ்டிக் பையில் நீர் கலந்த வினிகரை ஊற்றி, துளைகள் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, அரை மணி நேரம் விடுங்கள். அடைப்பு கரையும்போது சிறு குமிழிகள் எழும்; அது கரியமில வாயு. பூச்சு போட்ட குழாய்களின் நிறம் மங்கிவிடக்கூடும் என்பதால், இரவு முழுவதும் ஊறவிடாதீர்கள்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் குறிப்புகளை நிறையப் பார்ப்பீர்கள். நுரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீரே. சோடா வேண்டுமென்றால், சிறிது நீரில் குழைத்துப் பசையாக்கி, தரையில் சோப்புப் படலம் தடித்த இடங்களில் தனியாகத் தேயுங்கள்.

மார்பிள், சுண்ணாம்புக்கல் போன்ற இயற்கைக் கற்கள் மீது இந்தக் கலவையைத் தெளிக்கவே கூடாது. அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட் என்பதால், அமிலம் கறையோடு சேர்த்துக் கல்லையும் அரித்துவிடும். நான் முன்பு இருந்த வீட்டில் சோப்பு வைக்கும் மார்பிள் திட்டில் அறியாமல் தெளித்துவிட்டு, மெருகு போய் வட்டமாகத் திட்டுத் திட்டாய் நின்றதைக் கண்டு மிகவும் வருந்தினேன். எவ்வளவு துடைத்தும் அது சரியாகவில்லை. டைல்ஸ் இடுக்குகளில் உள்ள சிமெண்டுப் பூச்சிலும் அமிலத்தை நெடுநேரம் தங்கவிடாமல் அலசிவிடுங்கள்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ ப்ளீச்சோடு கலக்காதீர்கள், ஒன்றைத் தெளித்த இடத்தில் அலசாமல் மற்றொன்றைத் தெளிக்கவும் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஜன்னலே இல்லாத சிறிய குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் உள்ள அம்மோனியாவும் ப்ளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயுவைத் தரும். ஆகவே பூஞ்சணத்துக்கு ப்ளீச் பயன்படுத்துவதாக இருந்தால், அதை வேறொரு நாளில், எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கையுறை அணிந்து செய்யுங்கள். கண்ணாடி ஓரங்களில் நீர் கசியாமல் அடைத்திருக்கும் சிலிக்கோன் பட்டைக்குள்ளேயே பூஞ்சணக் கறுப்பு ஊடுருவியிருந்தால் எந்தக் கலவையும் உதவாது. பட்டையைத்தான் மாற்ற வேண்டும், அதை வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

கலவையின் செலவையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ரப்பர் பட்டை வைத்த சிறிய கை வைப்பர் ஒன்றை ஷவருக்குள்ளேயே தொங்கவிட்டு, குளித்து முடித்ததும் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒருமுறை இழுத்துவிடுங்கள். உலர்வதற்கு நீரே இல்லையென்றால் உப்பு படிய இடமில்லை. நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த பிறகு, வாரம் ஒருமுறை தெளித்துக்கொண்டிருந்தது மாதம் ஒருமுறையாகிவிட்டது.