கோளக விண்மீன் கொத்துகளில் அப்படி என்ன இருக்கிறது?

இளங்கோ:
நேற்று இரவு பைனாகுலரில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற கோளகக் கொத்தை, அதாவது பந்துபோல் நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு திட்டு, அவ்வளவுதான். அதற்குள் சுமார் ஒரு கோடி விண்மீன்களாம், எல்லாம் கிழடுகளாம். புதிதாக எதுவும் பிறக்காத இடத்தை வானியலாளர்கள் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்?

முத்துவேல்:
கிழடுகள் என்பதால்தான், தம்பி. பொதுவாக ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிந்தால், அதன் இயல்பே மங்கலா, தூரத்தில் இருப்பதால் மங்கலா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கொத்துக்குள் அந்தத் தொல்லை இல்லை. எல்லாமே நமக்கு ஏறத்தாழ ஒரே தூரம். ஒமேகாவுக்கு 17,000 ஒளியாண்டு. போதாததற்கு, பெரும்பாலான கொத்துகளில் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை.

எடை மிகுந்த விண்மீன் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். ஆகவே இன்னும் மையத்தில் ஹைட்ரஜன் தீராதவற்றில் மிகக் கனமானது எது என்று பார்த்தால் கொத்தின் வயது கிடைத்துவிடும். பழைய கொத்துகளில் அது சூரியனைவிடச் சற்று இலேசானது. வயது 1200, 1300 கோடி ஆண்டு.

இந்தக் கணக்கு ஒரு பெரிய தகராறையே கிளப்பியது. 1990களின் தொடக்கத்தில் கொத்துகளுக்கு 1500 கோடி ஆண்டுக்கு மேல் வயது சொன்னார்கள். விரிவடையும் வேகத்தை வைத்துப் பார்த்தாலோ பிரபஞ்சத்துக்கே அவ்வளவு வயது வரவில்லை. தாயைவிடப் பிள்ளை மூத்தது! 1997-இல், விண்மீன்களின் தூரத்தை அளந்த ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் வெளிவந்தபோது, கொத்துகள் நினைத்ததைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரிந்தது. தள்ளி இருந்தால் உண்மைப் பிரகாசம் அதிகம். பிரகாசம் அதிகமென்றால் எடையும் அதிகம், ஆகவே வயது குறைவு. மறு ஆண்டு, பிரபஞ்ச விரிவு முடுக்கமடைவது தெரிந்து அதன் வயதும் ஏறியது. இந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். முதலில் மணியடித்தவை இந்தக் கிழடுகள் என்பதை யாரும் சொல்வதில்லை.

கயல்விழி:
ஒரே காலத்தில் பிறந்தவை என்பது ஒமேகாவுக்குப் பொருந்தாதே சார்? நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்து வரைபடம் போட்டால் அதன் விண்மீன்கள் இரண்டு வரிசையாகப் பிரிவதை 2004-இலேயே ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை வைத்துக் காட்டிவிட்டார்களே. ஒரு வரிசையில் ஹீலியம் அதிகம் என்கிறார்கள்.

முத்துவேல்:
பொருந்தாதுதான் அம்மா. அது கொத்தே அல்ல, பால்வீதி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி என்பதே பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே. ஹப்பிள் 20 ஆண்டுகளாக எடுத்த படங்களை ஒப்பிட்டு, 14 லட்சம் விண்மீன்களின் நகர்வை அளந்து 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. நட்டநடுவில் ஏழு விண்மீன்கள் மட்டும் கொத்தை விட்டே ஓடிவிடக்கூடிய வேகத்தில் போகின்றன, ஆனால் ஓடவில்லை. குறைந்தது 8,200 சூரியன்களின் எடையுள்ள கருந்துளை அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்கிறார்கள்.

இளங்கோ:
அந்த ஏழும் பைனாகுலரில் தெரியுமா ஐயா?

முத்துவேல்:
ஹப்பிளுக்கே அது கடினமான வேலை, தம்பி! எட்டு அங்குலத் தொலைநோக்கி யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள்; அந்தத் திட்டு தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். இங்கிலாந்தில் அது உதிப்பதே இல்லை. 1677-இல் ஆங்கிலேய வானியலாளர் ஹாலி அதைக் கண்டது செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிப் போன பிறகுதான். நமக்கோ தொடுவானிலிருந்து 30 டிகிரி உயரத்துக்கு வருகிறது. நிலா இல்லாத இரவாகப் பாருங்கள்.